உன் அம்மா பெயருக்கு வந்த கவர்

மகனே,

என் கடிதம் எல்லாம் இங்கே நாங்கள் சுகம், அங்கே நீங்கள் சுகமா என்றுதான் தொடங்கும். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறாள். என்னோடுதான் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "செரி நைனா, செரி நைனா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பாய், சத்தம் எனக்குக் கேட்கும். இது உட்கார்ந்து படிக்க வேண்டியது. நீ தமிழ் படித்து வெகுநாள் ஆகியிருக்கும், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடு.

போன மாதம் மருமகள் சுகுணா உன் அம்மாவுக்கு போன் செய்தாள். நீ சொல்லி அல்ல, அவளாகவே. அந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டமாம். நீங்கள் குடியேறிய மாநிலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வேண்டுமானால், இங்கே படித்த பி.எட். அங்கத்திய படிப்புக்குச் சமம்தான் என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குத் திருப்பதி யூனிவர்சிடியிலிருந்து மார்க் விவரம் சீல் வைத்த கவரில் போக வேண்டும். நான் போய் வாங்குவதற்கு அவள் கையெழுத்துப் போட்ட ஒரு ஃபாரம் வேண்டும். "மூணு மாசத்துக்கு முன்னாடியே கையெழுத்து போட்டு அவருகிட்ட குடுத்தேன் அத்தை. அவரு மாமாவுக்கு அனுப்பிட்டேன்னு சொன்னாரு. வந்துச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் நீ என்னிடம் பேசும்போது, "அவ இன்னாத்துக்கு நைனா இப்பவே வேலைக்குப் போவணும்? வூட்ல இருக்கட்டும். என் சம்பளம் போதும்" என்று சொல்லியிருந்தாய். ஃபாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஃபாரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உன் மேஜை டிராயரில் இருக்கிறது. இல்லையென்றால் காரில் இருக்கிறது. நாளைக்கு அனுப்பலாம் என்று நீ வைத்தாய், அந்த நாளை இன்னும் வரவில்லை. நான் ஜோசியக்காரன் இல்லை. அந்த வேலையை உனக்கு முன்னால் செய்தவன், அதனால் தெரியும்.

அதோடு போயிருந்தால்கூட நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் போனை வைத்துவிட்டு உன் அம்மா சொன்னாள்: "அந்த ஊரு போஸ்ட்மேனும் நம்ம சாலமோன் மாதிரி போலருக்குது. பாவம் அந்தப் பொண்ணு." அதன் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

சாலமோன் அண்ணனை உனக்கு நினைவிருக்கும். நம் சர்ச் சபைக்காரர், காக்கிச் சட்டை, பின்னால் பை தொங்கும் சைக்கிள். நீ சின்னவனாக இருந்தபோது அவர் மணியை நீதான் அடிப்பாய். பிறகு ஒருநாள் அவர் நம் வீட்டு வாசலில் நிற்பதையே விட்டுவிட்டார். ஏன் என்று நீ கேட்டதும், உன் அம்மா "அந்தாளப் பத்தி பேசாத" என்று அதட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அம்மா குடியாத்தம் பக்கத்துப் பெண். மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். கல்யாணமாகி அவள் வந்த தூரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் இருக்கும். இங்கேயும் அதே தமிழ்தான், ஆராதனையில் அதே பாட்டுப் புத்தகம்தான். நடுவில் ஆந்திரா செக்போஸ்ட் ஒன்று, அவ்வளவே. ஆனால் சித்தூர் கல்வி அலுவலகத்தில் சான்றிதழை நீட்டினால் குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதி ஆ ராஷ்ட்ரம்தி அம்மா, இக்கட செல்லது" என்று கையில் கொடுத்துவிட்டார். அந்த மாநிலத்துச் சான்றிதழ் இங்கே செல்லாது. அவள் படித்த படிப்பு இங்கத்திய படிப்புக்குச் சமம் என்று மெட்ராஸிலிருந்து கடிதம் வர வேண்டும். இத்தனை வருஷமாக இந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாள் என்று மண்டல் ஆபீஸ் எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் தெலுங்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். எல்லையோரத்துத் தமிழ்ப் பள்ளியில் தமிழில் பாடம் நடத்தத்தான் அவள் போகிறாள், ஆனாலும் ரிஜிஸ்டரும் ரிப்போர்ட்டும் தெலுங்கில்தானே.

நான் அப்போதே சொன்னேன், "இதெல்லாம் எதுக்கு? வூட்ல இரு. என் சம்பளம் போதும்." நீ சொன்ன அதே வார்த்தை. என்னிடமிருந்து வீடு வாங்கவில்லை, நிலம் வாங்கவில்லை, இதை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டாய். அவள் கேட்கவில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று முறை மெட்ராஸ் போனாள். நான் செய்த உதவி, அவளை சைக்கிளில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டது. மெட்ராஸ் கடிதம் வந்த அன்று அதை சாலமோன் அண்ணன்தான் கொண்டுவந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும், "டீச்சரம்மா, ஸ்வீட் இல்லியா?" என்றார். அன்றிலிருந்து அவர் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார். ஊரில் வேறு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, நான் உட்பட.

தெலுங்கை அவள் உன்னோடு உட்கார்ந்து படித்தாள். நீ ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் அன்றைக்கு என்ன எழுத்து சொல்லிக்கொடுத்தார்களோ, அதை நீ சாயங்காலம் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பாய். உன் சிலேட்டில் நீ எழுதுவாய், பின்பக்கத்தில் அவள் எழுதுவாள். எழுத்தின் தலையில் போடும் அந்தச் சின்னக் கோட்டை அவள் மறந்துவிட்டால், "தலகட்டு எங்கம்மா? தலகட்டு!" என்று பிரம்பு இல்லாத குறையாக மிரட்டுவாய். அவள் பயந்த மாதிரி நடித்துக்கொண்டு போடுவாள். தமிழ் எழுத்தை அவள் வேதப் புத்தகத்தை மடியில் வைத்து உனக்குச் சொல்லித் தந்தாள், தெலுங்கு எழுத்தை நீ அவளுக்குச் சொல்லித் தந்தாய். நான் அந்தப் பக்கம் பாயில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சையில் அவள் முதல் தடவையிலேயே தேறினாள்.

நீ மூன்றாம் வகுப்புப் போனபோது மாவட்டத்தில் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவளும் எழுதினாள். நான் அப்போது மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பர், உனக்குத் தெரியும். வெளிநாட்டுக்கு டின் டின்னாகக் கூழ் போக ஆரம்பித்திருந்த காலம். சீசன் வந்துவிட்டால் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒருநாள் ஃபாக்டரிக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். சாலமோன் அண்ணன் சைக்கிளை நிறுத்தி ஒரு கவரை எடுத்து நீட்டினார். ஆறு ஊருக்கு அவர் ஒரே ஆள். வழியில் எந்த வீட்டு ஆம்பிளையைப் பார்க்கிறாரோ அவன் கையிலேயே அந்த வீட்டுத் தபாலைக் கொடுத்துவிடுவார், பெண் பெயருக்கு வந்திருந்தாலும் சரி. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. "தம்பி, டீச்சரம்மாவுக்கு சித்தூர்லருந்து வந்துகீது. ஓடிப் போயி குடு" என்றார். பக்கத்தில் நின்ற பாய்லர் ஆபரேட்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்போ இனிமே உன்ன டீச்சரம்மா வூட்டுக்காரருன்னுதான் கூப்புடணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஸ்டோருக்குள் போய் அந்தக் கவரைப் பிரித்தேன். உன் அம்மா பெயர் போட்டிருந்த கவர். பட்டியலில் அவள் நம்பர் வந்துவிட்டது, சான்றிதழ்களோடு இன்ன தேதிக்கு நேரில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று தெலுங்கில் எழுதியிருந்தது. பன்னிரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் கொடுக்கலாம் என்று குழாய் மூட்டுக்குப் போடும் காஸ்கெட் வளையப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் லாரி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள், மதனப்பள்ளிப் பக்கம் எங்கேயாவது அவளுக்கு வேலை போட்டுவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மறுநாள் வேறு எதையோ சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் பிறகு தேடிச் சேர்த்த காரணங்கள். நான் இன்டர் ஃபெயில், பிளஸ் டூ தேறாதவன். அவள் கவர்மென்ட் டீச்சர். டீக்கடையில் அந்தச் சிரிப்பு. காரணம் இவ்வளவுதான். பொறாமை என்று எழுதுவதற்கு எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

தேதி தாண்டிய மறுநாள் காலையில் அதை பாய்லரில் போட்டேன். ஒரு போல்ட் குறைந்தால்கூட அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஸ்டோர் கீப்பர் நான். அந்தக் கவருக்கு யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

மற்றவர்களுக்குக் கவர் வந்த செய்தி அவளுக்கு எட்டியபோது தேதி போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. சித்தூருக்கு ஓடினாள். நோட்டீஸ் போர்டில் அவள் நம்பர் இருந்தது. எல்லோருக்கும் அனுப்பினோம், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வந்ததும் நேரே சாலமோன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "எனக்கு வந்த தபால எங்க போட்டீங்க? எந்தக் கடையில டீ குடிச்சிக்கினு இருக்கச்சே தொலச்சீங்க? அஞ்சு வருசம்ணே, அஞ்சு வருசம் அலஞ்சேன்!" என்று அவர் மனைவி, பிள்ளைகள் முன்னால் கத்தினாள். அவர் தட்டில் கையை வைத்தபடி நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். "தேடிப் பாக்குறேம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து என்னைத் தனியே பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "உன் குடும்பம் ஒடையக் கூடாதுன்னு அன்னிக்கி சும்மா இருந்தேன். நீயே சொல்லிடு. நீ சொல்றவரிக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிடுகிறேன் அண்ணே என்றேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார். சபையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்பார், நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன். சபையில் காணிக்கையாக வந்த காய்கறியை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் அவர் தோட்டத்துப் பூசணிக்காய் வந்தால், "அத எடுத்துக்கினு வந்தா நான் அறுக்க மாட்டேன்" என்று உன் அம்மா எல்லோர் காதிலும் விழச் சொல்வாள். கொஞ்ச நாளில் மற்றவர்களும் முக்கியமான தபாலுக்கு அவரை நம்பாமல் சித்தூர் தபாலாபீஸுக்கே போக ஆரம்பித்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு அவர் இறந்தார். அடக்கத்துக்கு நான் போனேன். உன் அம்மா வரவில்லை.

அடுத்த முறை ஆள் எடுத்தபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது. நம் ஊர்ப் பக்கம் புதிதாக முளைத்த இங்கிலீஷ் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே அவளை ஆயாவோடு சேர்த்து உட்காரவைத்தார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். மறு வருஷம் போகவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சுகுணா ஃபாரத்தை மறுபடியும் கம்ப்யூட்டரில் அனுப்பினாள். உன் அம்மாதான் சித்தூரில் நெட் சென்டருக்குப் போய் எடுத்துவந்தாள். போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் திருப்பதி போனோம். ஆள் வராமல் வேறொருவர் வாங்குவதென்றால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவள் வராந்தாவில் உட்கார்ந்து தெலுங்கில் ஒரு பக்கம் எழுதினாள். கவுன்ட்டரில் இருந்தவர் ரிட்டையர் ஆகிற வயது. வாங்கிப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். "மீரு டீச்சரா அம்மா?" என்று கேட்டார். உன் அம்மா கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? பிறகு, "காதண்டி" என்றாள். இல்லைங்க. அவ்வளவு மரியாதையாக, சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், சந்திரகிரி தாண்டியதும் அவளிடம் சொல்லிவிட்டேன். சுற்றி மொட்டைத் தலைகளோடு மலையிலிருந்து இறங்கிய கூட்டம். டீக்கடை, காஸ்கெட் பெட்டி, பாய்லர் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சீல் வைத்த கவரை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தூரில் இறங்கியதும் கேட்டாள், "சாலமோன் அண்ணனுக்கு யாரு இப்ப பதில் சொல்றது?" வேலை போனதைக் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே சாலமோன் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அவர் மனைவி ரூபி அக்கா மட்டும் இருந்தார்கள். "நீங்க சொல்லுங்க" என்று என்னை முன்னால் தள்ளினாள். சொன்னேன். ரூபி அக்கா என் பக்கம் திரும்பினார்கள். "எங்கிட்டகூட சொல்லல அந்த மனுசன்" என்றார்கள். "ஒரு கடுதாசிய ஒழுங்கா குடுக்கத் துப்பு இல்லன்னு நானே எத்தினி வாட்டி ஏசியிருக்கேன். சிரிச்சிக்கினே கேட்டுக்கினு இருப்பாரு." உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். உன் அம்மா, "நான் அடக்கத்துக்குக்கூட வரல அக்கா" என்று அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் நான் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும். அது உன் அம்மா வைத்த நிபந்தனை. போதகர் ஐயரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். என்னை யாரும் கல்லால் அடிக்கப் போவதில்லை, தெரியும். ஆனால் கேட்க வேண்டிய ஆள் கேட்கப்போவதில்லை. அந்த வருத்தம் தீராது.

நீ என்னைப்போல இல்லை என்று சொல்வாய். ஒரு ஃபாரம்தானே, நாலு நாள் தள்ளிப்போனால் என்ன என்பாய். இருக்கலாம். சுகுணாவைத் தடுக்க வேண்டும் என்று நீ முடிவு செய்து வைத்திருக்க மாட்டாய். நானும் அப்படி முடிவு எதுவும் செய்யவில்லை. புது ஊர், புது வேலை, அவள் வீட்டில் இருந்தால் உனக்குச் சாப்பாடு, நிம்மதி. உன்னைவிட அவளுக்கு அங்கே மரியாதை கூடிவிடுமோ என்று ஒரு சின்ன உறுத்தலும் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும், அதை அவளிடமே சொல், சண்டை போடுங்கள். சண்டை போட்டவர்கள் சமாதானமாகலாம். எங்களுக்கு ஒரு சண்டைகூட வரவில்லை, பார்த்தாயா.

யூனிவர்சிடி கவரை அனுப்பியாகிவிட்டது. சுகுணா பெயருக்கு வருகிறது, உன் பெயர் அதில் எங்கும் இல்லை. உன் அம்மாவே எழுதி, அவளே தபாலாபீஸில் நின்று அனுப்பினாள். ஆகவே அவள் வேலைக்கு இனி உன் டிராயரில் இருப்பது தேவைப்படாது. ஆனால் அதை எடுத்து அவள் கையில் கொடு. எங்கே வைத்திருந்தாய், ஏன் வைத்திருந்தாய் என்று சொல். தபாலில் போயிருக்கும் என்று மட்டும் சொல்லாதே. அந்த ஊரில் எந்தத் தபால்காரர் உன் தெருவுக்கு வருகிறாரோ எனக்குத் தெரியாது, அவர் மேல் அந்தப் பழி போக வேண்டாம்.

இதுவரை எழுதி, ஒட்டாமல் உன் அம்மாவிடம் கொடுத்தேன். இனி இந்த வீட்டிலிருந்து போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் அவள் பார்க்காமல் நான் தொடுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஒரே ஒரு இடத்தில் திருத்தினாள், நீ பார்த்திருப்பாய். பன்னிரண்டு நாள் என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, மேலே பதினாலு என்று எழுதியிருக்கிறாள். "மத்தவங்களுக்கு வந்த நாள்லருந்து நான் எண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்லிக் காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்றைக்கே டிராயரைத் திற.

உன் நைனா